சிவப்பு விளக்கில் ஒட்டிய பிளாஸ்திரி

வாய் பேச முடியாத நோயாளியிடம் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தொடுவதற்கு முன் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் தொட்டால் உடம்பு திடுக்கிடும். அதே பயிற்சியில் இன்னொன்றும் சொன்னார்கள். நோயாளியின் அறையில் கண்டதும் கேட்டதும் அந்த அறையோடு சரி, வாசலைத் தாண்டக் கூடாது. சிஸ்டர் இரண்டையும் கடைசிவரை கடைப்பிடித்தார். இரண்டும் சேர்ந்துதான் அவரைக் கவிழ்த்தன.

சிஸ்டர் முறையாகப் படித்த நர்ஸ் அல்ல. கணவர் போனபின், மகன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சியில் சேர்ந்தார். அன்று முதல் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, ஊட்டி, துடைத்து வந்தார். போகிற இடமெல்லாம் சிஸ்டர். குடியிருக்கும் மாடியிலும் சிஸ்டர். கட்டிலின் கால்மாட்டில் நின்று மூக்கை உறிஞ்சும் உறவினர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "அழறவங்க வெளியே போய் அழுங்க. இங்க எனக்கு வேலை கிடக்கு" என்பார்.

மகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி தண்ணீர்மேல்தான். வீட்டில் சிஸ்டரும் மருமகளும் மட்டும். மருமகள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். இரண்டு பேருக்கும் சண்டை கிடையாது. சண்டை போட்டிருந்தாலாவது வீட்டில் கொஞ்சம் காற்றோட்டம் இருந்திருக்கும்.

கடைசியாகப் பார்த்த வீடு பெட்டியுடையது. ஹிப்ஹாப் உலகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். மேடையில் நின்று ராப் பாடுகிறவர்கள் வேறு. அந்தப் பாட்டுக்கு அடியில் ஓடுகிற தாளத்தையும் சத்தத்தையும் கட்டிக்கொடுப்பவன் இவன். லிஃப்ட் கதவு மூடுவது, குக்கர் விசில், பழைய மின்விசிறியின் முனகல் என்று காதில் விழுந்ததையெல்லாம் பிடித்து, வெட்டி, ஒட்டித் தாளமாக்குவான். எப்போதும் கையில் ஒரு சின்ன மெஷின் பெட்டி, அதனால் பெட்டி. நரம்பு நோய் வந்து முதலில் கால் போயிற்று, பிறகு கை, பிறகு பேச்சு. சிஸ்டர் போய்ச் சேர்ந்தபோது மிச்சமிருந்தது கண்ணிமையும் வலது ஆள்காட்டி விரலும். ஒருமுறை இமைத்தால் ஆமாம், இரண்டு முறை இமைத்தால் இல்லை. விரலுக்கடியில் ஒரு பொத்தான், முகத்துக்கு நேரே ஒரு திரை; அவற்றை வைத்துத்தான் இன்னமும் தாளம் கட்டினான். தினமும் காலையில் ஹெட்ஃபோனை எடுத்து அவன் காதில் மாட்டிவிட்டது சிஸ்டர்தான்.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு மைக் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஏசி பெட்டிமேல் உட்காரும் புறாக்களின் சத்தத்தைப் பிடிக்க வைத்தது என்று பங்காளி சொன்னான். பெட்டியோடு சின்ன வயதிலேயே தொழிலைத் தொடங்கியவன் அவன். எல்லோருக்கும் அவன் பங்காளிதான். மைக்கில் ஒரு சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தது. அது கண்ணை உறுத்தியதால் சிஸ்டர் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கத்தரித்து அதன்மேல் ஒட்டினார். "தூங்கும்போது இது என்னத்துக்கு, தம்பி?" என்று கேட்டதற்கு அவன் இமைக்கவே இல்லை.

சிஸ்டர் பேசினார். "இப்ப முதுகு துடைக்கப் போறேன், தண்ணி வெதுவெதுன்னு இருக்கும்." "ஒண்ணு, ரெண்டு, சாஞ்சுக்கோ" என்று எண்ணிப் புரட்டினார். வேலையைப் பற்றிய பேச்சு எவ்வளவு நேரம்தான் வரும்? மீதி நேரத்துக்கு வீட்டுக் கதை வந்தது. ஒருநாள் மனம் கசந்திருந்தபோது, "என் மருமக சோறு போடுறா, தம்பி. தட்டை வைக்கிற சத்தத்துலயே எனக்கு வயிறு ரொம்பிடுது" என்றார். பெட்டியின் உடம்பு குலுங்கியது. இழுப்பு வந்துவிட்டதோ என்று சிஸ்டர் பதறிப்போய்ச் சளி உறிஞ்சும் குழாயை எடுத்தார். பிறகுதான் புரிந்தது, அவன் சிரிக்கிறான்.

அந்தச் சிரிப்பு சிஸ்டருக்குப் பிடித்துப்போயிற்று. அதன்பின் மருமகளைப் பற்றி ஏதாவது கொண்டுபோனார். இல்லாதபோது இருப்பதிலேயே கொஞ்சம் காரம் கூட்டிக்கொண்டார். நல்லதையும் சொல்லாமலில்லை. காய்ச்சலில் கிடந்தபோது அவள் கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றியதைச் சொன்னார். குதிகால் வலியில் நொண்டுவதைப் பார்த்து, கேட்காமலே மெத்தென்ற செருப்பு வாங்கி வந்து கதவோரம் வைத்ததைச் சொன்னார். அவற்றைக் கேட்டபோது பெட்டி சிரிக்கவில்லை. ஒருமுறை இமைத்தான்.

மருமகள் பெட்டியின் தீவிர ரசிகை. மாமியார் பஸ்ஸில் போய் இறங்கும் நிறுத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"அத்தை, நீங்க பார்க்கிறது பெட்டியையா? அந்தப் பெட்டியையா?"

"எந்தப் பெட்டியோ. பேரெல்லாம் சொல்லக் கூடாது."

"எப்படி இருக்கார்? அது மட்டும் சொல்லுங்க."

"சாப்பாடு ஆறுது, சாப்பிடு."

மருமகள் அதற்குமேல் கேட்கவில்லை. கட்டடத்து வாசலில் பூவோடு நின்ற பையன்களிடமும் சிஸ்டர் வாயைத் திறக்கவில்லை. பெட்டி வலியில் அழுததையும், கண்ணீரைத் துடைக்கக் கை எழாமல் அது காதுக்குள் வழிந்ததையும், ஒருநாள் பங்காளியைப் பார்க்கவே மாட்டேன் என்று இரண்டிரண்டு முறையாக இமைத்துக்கொண்டே இருந்ததையும் அவர் எவரிடமும் சொல்லவில்லை.

குளிர் குறைந்துவந்த ஒரு காலையில் பெட்டி போய்விட்டான். சிஸ்டர் முகம் கழுவி, வாயை மூடிக் கட்டி, கைகால்களை நேராக்கி, விரிப்பை மாற்றிவிட்டு வெளியே வந்து பங்காளியிடம் சொன்னார். அந்த வேலை முடிந்தது என்றுதான் நினைத்தார்.

ஒரு மாதம் கழித்துப் பங்காளி போன் செய்தான். பெட்டிக்கு அஞ்சலி, ஞாயிறு மதியம், பெரிய அரங்கம், முதல் வரிசையில் இரண்டு இருக்கை. மருமகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாமியாரின் புடவையை அவளே இஸ்திரி போட்டாள். ஆட்டோவில் போகும்போது, "இனிமேலாவது சொல்லலாமில்ல, அத்தை? அவர்தான் போயிட்டாரே" என்றாள்.

"போனவங்களுக்கும் சேர்த்துத்தான்" என்றார் சிஸ்டர்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. கறுப்புப் பனியனில் பெட்டியின் முகத்தை அச்சடித்துப் போட்டிருந்தார்கள். ராப் பாடகர்கள் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். ஒருவன் தன் முதல் பாட்டுக்குப் பெட்டி தாளம் கட்டிக்கொடுத்த கதையைச் சொல்லித் தேம்பினான். பெட்டிக்குக் கடைசிவரை சிரித்த முகம்தான், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை என்றான் இன்னொருவன். அவன் அந்த வீட்டுப் படியை மிதித்ததே இல்லை என்பது சிஸ்டருக்குத் தெரியும். மடியில் கையைக் கோத்துக்கொண்டு கேட்டார். அவர்கள் ஆறுதலுக்கு ஏதோ சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

கடைசியில் பங்காளி மைக்கைப் பிடித்தான். "பெட்டி படுக்கையில கிடந்து ஒத்தை விரல்ல செஞ்ச வேலை ஒண்ணு இருக்கு. இதுதான் அவன் கடைசிப் பாட்டு" என்றான். விளக்குகள் தணிந்தன.

முதலில் புறாவின் சிறகடிப்பு. பிறகு சளி உறிஞ்சும் குழாயின் சத்தம், சீரான தாளமாக. பிறகு ஒரு பெண் குரல்: "ஒண்ணு, ரெண்டு, சாஞ்சுக்கோ."

கூட்டம் ஆர்ப்பரித்தது. "அத்தை, உங்க குரல்!" என்று மருமகள் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாளம் இன்னொரு சுற்று வந்தது. கூட்டம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அடுத்து வந்தது: "சோறு போடுறா. தட்டை வைக்கிற சத்தத்துலயே எனக்கு வயிறு ரொம்பிடுது."

அரங்கமே சிரித்தது. சிஸ்டரின் கண்முன் வந்து நின்றது மைக்மேல் தன் கையால் ஒட்டிய பிளாஸ்திரித் துண்டு.

"கண்ணாடிக் கடையில உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கண்ணு தெரிய வைக்கிறா" என்றது ஸ்பீக்கரில் அவருடைய குரல். "வீட்ல நான் ஒருத்தி இருக்கிறதுதான் அவ கண்ணுக்குத் தெரியல." காரம் கூட்டிச் சொன்ன நாள் அது. ஈரத்துணி வரும், செருப்பு வரும் என்று சிஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. தட்டுதான் திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாம் முறை அரங்கமே சேர்ந்து அதைப் பாடியது. தன் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகுவதைச் சிஸ்டர் உணர்ந்தார்.

"இந்தக் குரலுக்குச் சொந்தக்காரங்க இங்கதான் இருக்காங்க!" என்று பங்காளி கத்தினான். வெளிச்சம் முகத்தில் அடித்தது. இரண்டு பேர் வந்து கைத்தாங்கலாக மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். நோயாளியைத் தாங்குவதுபோல அக்குளில் கை கொடுத்தார்கள்; அதைக்கூட அவர்களுக்குச் சரியாகச் செய்யத் தெரியவில்லை. கையில் மைக்கைத் திணித்தார்கள். "ஒண்ணு, ரெண்டு!" என்று கீழே இருந்து கூவினார்கள்.

கடைசிவரை சிரித்த முகமா? ஒரு வாக்கியம் போதும். அவன் அழுததைச் சொல்லிவிட்டால் இந்தச் சிரிப்பு அப்படியே அடங்கிவிடும். சிஸ்டரின் நாக்கு நுனிவரை அது வந்தது.

"நல்ல நோயாளி" என்றார். மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். கைதட்டலுக்கிடையே கீழே பார்த்தபோது முதல் வரிசையில் இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன.

மேடைக்குப் பின்னால் ஒயர் சுருள்களுக்கு நடுவே பங்காளியைப் பிடித்தார்.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"சிஸ்டர், நான் சத்தம் ஏத்தி இறக்கினதோட சரி. வெட்டினது ஒட்டினதெல்லாம் அவன்தான். உங்களுக்குச் செய்ற மரியாதைன்னு நினைச்சேன்."

"செருப்பு வாங்கிக் குடுத்ததைச் சொன்னேனே. அது எங்க?"

"எது?"

"என் மருமக. செருப்பு. காய்ச்சல்ல பக்கத்துல உட்கார்ந்தது. எல்லாத்தையும் அவன் கேட்டான்."

பங்காளி தலையைச் சொறிந்தான். "இருக்கும், சிஸ்டர். பதிவு எல்லாம் இருக்கு. ஆனா பாட்டுன்னு வரும்போது... அதுல காரம் இல்லையே."

"எடுத்துடுங்க."

"இங்க ஓட ஆரம்பிச்சப்பவே நெட்டுல எல்லா இடத்துலயும் போட்டாச்சு. இனி நான் எடுத்தாலும் ஆளாளுக்கு வச்சிருப்பாங்க." பிறகு, தாழ்ந்த குரலில், "எங்க தொழில் அப்படி. காதுல விழுந்தா எங்களுதுன்னு பழகிட்டோம்" என்றான்.

"நானும் அதே ரூம்லதான் இருந்தேன். எனக்கும் காது இருந்தது" என்றார் சிஸ்டர். பங்காளி முகம் வெளுத்தது. அவன் தலைகுனிந்து பையைத் துழாவி, விரல் நீளத்துக்கு ஒரு மெமரி ஸ்டிக்கை எடுத்துக் கொடுத்தான். எல்லாப் பதிவும் அதில் இருந்ததாம்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிஸ்டர் பெட்டியைத்தான் நினைத்தார். அவனுடைய எலும்பு ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும். ஒரு படுக்கைப்புண் வரவிடவில்லை. அந்த முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் விரல் பொத்தானை அழுத்தி எதை வைப்பது, எதை எறிவது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. கேட்கலாமென்றால் ஆள் இல்லை. இருந்தாலும் இமைத்திருக்க மாட்டான்.

மருமகள் முன்னதாகவே வந்து உடை மாற்றி, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் மைக்கையும் பிளாஸ்திரியையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னார். மெமரி ஸ்டிக்கை மேசைமேல் வைத்தார். "உன்னைப் பத்தி நல்லதும் சொல்லியிருக்கேன். எல்லாம் இதுல இருக்கு. கேட்டுப் பாரு."

"எதுக்கு?" மருமகள் கத்தியை நிறுத்தவில்லை. "நல்லதும் அவர்கிட்டதான் சொன்னீங்க, கெட்டதும் அவர்கிட்டதான் சொன்னீங்க. நான் பக்கத்து ரூம்லதானே இருந்தேன்?"

சிஸ்டர் மெமரி ஸ்டிக்கை இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தினார்.

"அவர் எப்படி இருக்கார்னு ஒரு வார்த்தை கேட்டேன். அது வெளியே போகக் கூடாதுன்னீங்க. சரின்னு இருந்தேன். என் விஷயம் மட்டும் வெளியே போகலாமா, அத்தை?"

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது மேசைமேல் நான்காக மடித்த ஒரு துணி இருந்தது. மருமகள் தட்டைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள். பஞ்சுமேல் பஞ்சை வைத்ததுபோலச் சத்தமே இல்லை. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். கீழ்வீட்டுப் பிள்ளைகள் "ஒண்ணு, ரெண்டு, சாஞ்சுக்கோ" என்று படியில் குதித்து இறங்கினார்கள். வீட்டுக்குள் பாத்திரம் பாத்திரத்தோடு உரசவில்லை. கதவு ஓசையின்றி மூடியது. பேச்சற்ற நோயாளிகளோடு காலம் தள்ளிய சிஸ்டருக்கே இந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

ஒருநாள் தட்டு வந்ததும் அதைத் தூக்கித் துணியை உருவினார்.

"சத்தமாவே வை."

மருமகள் சுவரையும் விட்டத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "எங்கயாவது சிவப்பு லைட் எரியுதான்னு பார்த்துட்டுப் பேசுங்க, அத்தை."

"எரிஞ்சா எரியட்டும். உன் மூஞ்சியைப் பார்த்தே சொல்றேன். அன்னிக்கு நீ தட்டை வச்ச விதத்துல எனக்குக் கோபம் வந்துச்சு."

"அன்னிக்கு எனக்கும் கோபம்தான்."

"இன்னும் இருக்கு, சொல்ல."

"எனக்கும் இருக்கு" என்றாள் மருமகள். அந்தத் துணியை உதறி, மடித்து, அலமாரியில் வைத்தாள். சிரிக்கவில்லை. "சாப்பாடு ஆறுது, முதல்ல சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் தட்டை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள். அது மேசையில் ணங்கென்று விழுந்தது.