எச்சில் படாத நூல்

மகள் கிசாச்சேயை அத்தை வீட்டுக்கு அனுப்பியது ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிச் சீருடைகளைத் தைத்துக் கொடுக்க வேண்டிய நாள் என்பதால் கேத்தூராவுக்குக் கிழமை நினைவிருக்கிறது. தன் ஊரான மசாக்காவுக்குப் போகும் வேனில் நாத்தனார் எசெரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் நான்கு வயதுக் கிசாச்சே. கையில் சுட்ட சோளம்.

குழந்தை சோளத்தை வெளியே நீட்டினாள். "மென்னு குடும்மா."

கேத்தூரா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம். நீயே கடி."

"உங்க அம்மாவுக்கு இன்னிக்குத் திமிரு" என்றாள் எசெரி. "எத்தனை நாளைக்கு அண்ணி?"

"உடம்பு தேறட்டும்."

வேன் கிளம்பியது. கேத்தூரா சந்தைக்கு நடந்து, தன் தையல் மெஷின் முன் உட்கார்ந்து, மாலைக்குள் பதினோரு காலர் தைத்து முடித்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

கணவன் இறந்த வருடம் அவள் எச்.ஐ.வி. மாத்திரைகளைச் சரியாகச் சாப்பிடவில்லை. உடம்பில் எதிர்ப்பு சக்தி இறங்கிப்போனது. இடது காலில் கருநீலத்தில் ஒரு தடிப்பு வந்தது. அதைக் கிளப்பிவிடுவது எச்.ஐ.வி. இல்லை, வேறொரு கிருமி, அது எச்சிலில் இருக்கும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பிள்ளைக்கு இனி எதையும் மென்று கொடுக்காதீர்கள், பூச்சி கடித்த இடத்தில் எச்சில் தடவாதீர்கள் என்றும் சொன்னார்கள். கிசாச்சேக்குக் கறித்துண்டு, நிலக்கடலை, கரும்பு எல்லாமே இவள் வாய் வழியாகத்தான் போயிருந்தன. அன்று மதியமே எசெரிக்கு போன் செய்தாள். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னாள்.

அதிலிருந்து தினமும் காலையில் பல் தேய்க்கும் முன், வாய்க்குள் பஞ்சுக்குச்சியைச் சுழற்றி, மூடியுள்ள சின்னக் குழாயில் போட்டு வைத்தாள். ஆராய்ச்சிக்கென்று மருத்துவமனை கேட்டிருந்தது. புதன்கிழமைகளில் நர்ஸ் ப்ராஸ்கோவியா வந்து எடுத்துப் போவாள்.

முதல் புதன்கிழமையே அவள் கேட்டாள். "பாப்பா எங்க, கிசாச்சே அம்மா?"

"அனுப்பிட்டேன்."

"அனுப்பச் சொன்னேனா நான்? மென்னு குடுக்காதீங்கன்னுதானே சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் சிஸ்டர். அவ வாயைத் திறந்து நின்னா எனக்குத் தன்னால மெல்ல வருது."

"இந்தக் கிருமி நம்ம ஊர்ல எத்தனையோ பேரு வாயில இருக்கறதுதான். அவங்களுக்கே தெரியாது. உங்களுக்கு உடம்பு இறங்கினதால காலுக்கு வந்துடுச்சு. அவ்வளவுதான்."

கேத்தூரா தலையாட்டினாள். காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை.

"சில நாள் எச்சில்ல இருக்கும், சில நாள் இருக்காதுன்னீங்களே. இல்லாத நாள் எதுன்னு சொல்லுங்க. அன்னிக்குப் போய்ப் பாத்துட்டு வரேன்."

"குழாய் போய் முடிவு வர மாசக்கணக்காகும். வரும்போது அந்த நாள் எங்க இருக்கும்?"

ஊசியில் நூல் கோக்கும்போது நுனியை உதட்டில் வைத்து நனைப்பது கேத்தூராவின் பதினெட்டு வருடப் பழக்கம். இப்போது மெஷின் பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கடைக்காரி, "என்ன, நூலுக்கு ஞானஸ்நானமா?" என்று கேட்டாள். கேத்தூரா சிரிப்பதுபோல் உதட்டை இழுத்து வைத்தாள்.

மாத்திரைகள் ஒழுங்காக உள்ளே போயின. ஊசியும் போட்டார்கள். காலின் தடிப்பு வெளிறியது. எசெரி போன் செய்தால் கேத்தூரா ஒன்றிரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவாள். குழந்தையிடம் கொடுக்கச் சொல்லமாட்டாள். முந்நூறு குழாய்க்கு மேல் போயிருக்கும்.

பதினோராவது மாதம், ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது எசெரியிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"அண்ணி, பயப்படாதீங்க. பாப்பாவை எறும்பு கடிச்சு கால் வீங்கிடுச்சு. பொம்போ இலையை மென்னு துப்பித் தடவினேன், எப்பவும் தடவறதுதான், வடிஞ்சிடுச்சு. நல்லா சாப்பிடறா. கறி மட்டும் இன்னும் நான்தான் மென்னு குடுக்கணும், மகாராணிக்கு. இரு, இரு, பிடுங்காத, பேசு."

பிறகு மூச்சு விடும் சத்தம். பிறகு கிசாச்சே.

"அம்மா. அத்தை எச்சில் நாறுது. நீ எப்ப வருவ?"