உயிரோடு இருக்கிற அக்கா

சுவரிலிருந்த போட்டோவைக் காட்டி, சம்பந்தம் பேச வந்தவர்கள் யாரென்று கேட்டார்கள். “எங்க அக்கா. போய்ச் சேர்ந்து பதினாலு வருஷமாச்சுங்க. மாரடைப்பு” என்றாள் தங்கை. அந்த அக்கா அப்போது அடுப்படியில் அவர்களுக்குத்தான் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள். வடிகட்டியை ஓசைப்படாமல் வைத்தாள். செத்தவள் தட்டை ஏந்திக்கொண்டு கூடத்துக்குப் போக முடியுமா?

கடைத்தெருவில் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். பெண்கள் உள்ளாடைக் கடையில் வேலை. அளவு நாடா கழுத்தை விட்டு இறங்கியதில்லை. இடது கை எப்போதும் வீங்கியிருக்கும், அதில் இறுக்கமாக ஓர் உறை. பதினான்கு வருடத்துக்கு முன்னால் புற்றுநோய்க்கு அந்தப் பக்க மார்பை எடுத்ததிலிருந்து வந்த வீக்கம். அங்கே தானே தைத்த பஞ்சுப் பை வைத்திருக்கிறாள். “இந்த வயசுலயும் சரியாம நிக்கிறது இது ஒண்ணுதான்” என்பாள்.

அளவெடுக்கும்போது காதோரம் கேட்பாள்: “கட்டி இருக்கான்னு கையை வச்சுப் பாத்துக்கிறியாம்மா?” வியாபாரம் பண்ண வந்தாயா வைத்தியம் பண்ண வந்தாயா என்று முதலாளி கடிந்துகொள்வார். ஆனால் குரலைத் தாழ்த்தி, ஒரு பக்கத்துக்கு மட்டும் பஞ்சு வைத்தது கேட்டு வருகிறவர்களை அவரே இவளிடம்தான் தள்ளிவிடுவார். முன்பு எப்போதாவது ஒருத்தி வருவாள். இப்போது வாரம் தவறுவதில்லை. டீச்சர், பஸ் கண்டக்டர், எதிர்க்கடை மருந்துக்காரி. வியாதி பெருகிவிட்டதே என்று முதலாளி அங்கலாய்த்தார்.

“அப்பவும் இருந்துச்சு மொதலாளி. கடைக்கு வர்ற வரைக்கும் யாரும் பொழைக்கல.”

அவள் வீட்டுக் கணக்கும் அதுதான். சின்னம்மாவைக் காய்ச்சல் கொண்டுபோனது என்றார்கள், பெரியப்பா மகளை மஞ்சள்காமாலை என்றார்கள். செத்தவர்களுக்கு வேறு வியாதி வைத்துவிடலாம். பிழைத்துக் கிடப்பவளை என்ன செய்வது? தங்கைக்கு இரண்டு பெண்கள். குடும்பத்தில் ஓடுகிற வியாதி என்று தெரிந்தால் எவன் கட்டுவான்?

சம்பந்தம் முடிவானது. தங்கையின் மூத்த பெண் தன் கல்யாணத்துக்குத் துணி எடுக்கக் கடைக்கு வந்தாள். நாடா வலப்பக்கம் பட்டதும் உடம்பைச் சுருக்கினாள். பிறகு திரைக்குப் பின்னால், பெரியம்மாவின் விரலைத் தானே பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். பட்டாணி அளவில் கல்போல இருந்தது.

“அம்மாவுக்குத் தெரியும் பெரியம்மா. கல்யாணம் முடியட்டும்னு சொல்றாங்க.”

அன்று மாலை டேப்பக்கா தங்கை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

“எனக்குக் கட்டி வந்தப்ப நம்ம அம்மாவும் தம்பி பரீட்சை முடியட்டும்னுதான் சொன்னாங்க. அவன் பாஸாயிட்டான்.”

மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று தங்கை முணுமுணுத்தாள்.

“என்னைச் சாகடிச்சே, போகட்டும். அதுக்கு நான் தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்தேன். இவளுக்கு என்ன வியாதி சொல்லப் போறே?”

தங்கை கதவைச் சாத்திக்கொண்டாள். பெண் பின்வாசல் வழியாக வந்து பெரியம்மாவின் பின்னால் நின்றாள்.

இன்று காலை டேப்பக்கா கடைக்குப் போகவில்லை. ஸ்கேன் அறைக்கு வெளியே இரும்பு நாற்காலியில் இருக்கிறாள், மடியில் பெண்ணின் கைப்பையோடு. நர்ஸ் எட்டிப் பார்த்து, உள்ளே இருக்கும் பெண்ணுக்குச் சொந்தக்காரர்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டாள். டேப்பக்கா உறை போட்ட அந்த வீங்கிய கையையே மேலே தூக்கினாள்.