வெயில் ஏறிய கை

கடலூரில் வெயில் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதா, வயசாக ஆகத்தான் நமக்கு அப்படித் தோன்றுகிறதா என்று யாராவது கேட்டால், லைன்மேன் ராஜவேல் தன் முதுகைக் காட்டுவான். "டிகிரி கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஜனங்க அடி ஜாஸ்தியாயிடுச்சு. அத வெச்சுச் சொல்றேன்" என்பான்.

கீரப்பாளையத்துக்காரன். சிதம்பரத்தில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கத்திரி வெயிலில் கம்பம் ஏறி இறங்கினால் வீட்டுக்கு வீடு மோர் கொடுத்தார்கள். கடலூருக்கு மாற்றலாகி வந்தபோது மோர் நின்று வசவு தொடங்கியிருந்தது. பிறகு சட்டையைப் பிடித்தார்கள். போன கோடையில் ஒரு பெரியவர் கைத்தடியாலேயே சாத்தினார். மதியம் வரவேண்டிய கடல்காற்று இப்போதெல்லாம் பொழுது சாயத்தான் வருகிறது. அதுவரை நிழலில் நின்றாலும் வேர்வை காய்வதில்லை. வீட்டுக்கு இரண்டு ஏசி ஓடினால் கம்பி என்ன செய்யும், பாவம்? உருகி அறுந்து விழுகிறது. ஏசிக்காரனை யாரும் அடிப்பதில்லை, லைன்மேனைத்தான் அடிக்கிறார்கள்.

கூட வேலை பார்ப்பவன் லால்பேட்டை சேக் பரீது. இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் கம்பத்தில் ஏறும்போது மற்றவன் டிரான்ஸ்பார்மர் பெட்டியிலிருந்து பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் தோள்பையில் போட்டுக்கொள்வான். கட்டையைத் திரும்பச் செருகினால்தான் கம்பியில் கரண்ட் பாயும். "கட்டை எங்க மச்சான்?" என்று மேலிருந்து குரல் வரும். "எங்கிட்ட" என்று கீழிருந்து பதில் போகும். அதைக் கேட்காமல் கம்பியைத் தொடுவதில்லை.

ஒரு மே மாத மதியம், விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லாத ஒரு தெருவில், பரீது மேலே இருந்தான். புங்கமரம் அவனை மறைத்திருந்தது. கீழே கூட்டம் சேர்ந்தது. முன்னால் வந்தவன் ஸ்ரீதர். அந்தத் தெருவில் ராஜவேலுக்கு இன்னமும் மோர் கொடுக்கிற ஒரே ஆள்.

"எங்கம்மா புழுக்கத்துல மயங்கிக் கெடக்குது. கட்டையக் குடு, நானே போட்டுக்கறேன்."

"மேல ஆள் இருக்கான் சார். கொஞ்சம் பொறுங்க."

"எங்கய்யா ஆளு? காலையிலேருந்து இதே பொய்யத்தானே சொல்றீங்க!"

முதல் அடி பின்னாலிருந்து விழுந்தது. இரண்டாவது மூக்கில். ராஜவேல் பையைக் கட்டிக்கொண்டு குப்புற விழுந்தான். விலாவில் மிதித்தார்கள், மயிரைப் பிடித்துத் தலையைத் தார்ரோட்டில் தேய்த்தார்கள். பையின் வார் அறுந்தது. கட்டைகள் உருண்டன. ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்ரீதர் பெட்டியை நோக்கி ஓடினான்.

"பரீது" என்று கத்த ராஜவேல் வாயைத் திறந்தான், ரத்தம்தான் வந்தது. எப்படி எழுந்தான், எப்படி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. இடுப்பிலிருந்த ஸ்பேனரை உருவி, பெட்டிக்குள் போன ஸ்ரீதரின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்தது. கட்டை தரையில் விழுந்து சிதறியது. கூட்டம் பின்வாங்கியது.

ராஜவேல் நிறுத்தவில்லை. தோளில் அடித்தான். காதோரத்தில் அடித்தான். ஸ்ரீதர் சுருண்டு விழுந்து, "மேல ஆள் தெரியலங்க, சத்தியமா தெரியல" என்று அழுதபோதும் அடித்தான். பரீது இறங்கி ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப்பிடிக்கும்வரை அடித்தான்.

ஸ்ரீதரையும் அவன் அம்மாவையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள். பரீது தண்ணீர் பாட்டிலால் ராஜவேலின் முகத்தைக் கழுவினான்.

"ஒனக்காகத்தான் மச்சான் அடிச்சேன். இல்லேன்னா கருகியிருப்ப."

"கட்டை ஒடஞ்சத மேலேருந்து பாத்தேன். அப்பவே நான் பொழச்சிட்டேன்," என்றான் பரீது. "அதுக்கப்பறம் அடிச்சியே, அது யாருக்காக?"

ஸ்பேனரைப் பிடித்திருந்த ராஜவேலின் விரல்கள் இன்னும் விரியவில்லை. பரீதுதான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான்.

வெயில் கூடியிருக்கிறதா என்று கேட்டால் ராஜவேல் இப்போது முதுகைக் காட்டுவதில்லை, தன் கையைக் காட்டுகிறான்.