எமில்டா ரீச்சரின் மழைக்கயிறு

கதிரைமேல் ஏறி நின்று, வாயில் நாலைந்து உடுப்புக் கிளிப்புகளைக் கடித்துக்கொண்டு, எமில்டா ரீச்சர் வகுப்பறைக்குக் குறுக்கே நைலோன் கயிறு கட்டுகிறார். ஒரு நுனி அலுமாரிக் கைப்பிடியில், மறு நுனி பிள்ளைகளின் கோட் கொழுவும் கொளுக்கியில். முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, கிளிப்புகளை வாயிலிருந்து எடுத்து, "சரி, ஆருக்கு என்ன தெரியும்?" என்கிறார்.

கனடாவில், ஸ்காபரோவில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ் வகுப்பு இது. என் மகள் நதீஷாவை எங்கள் வீடு இருக்கும் விட்பியிலிருந்து கூட்டிவந்து விடுவது என் வேலை. வீட்டுக்குப் போய்த் திரும்பி வர நேரம் காணாது என்பதால் கடைசி மேசையில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அளவான கதிரையில், முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னை எழுப்பிவிட ரீச்சருக்கு மனமில்லை. மேசை தூக்கவேண்டி வந்தால் ஆள் வேண்டுமே.

ரீச்சருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். மன்னார்ப் பக்கம். குட்டையான உருவம், அதற்குப் பொருந்தாத பெரிய குரல். மற்ற நாட்களில் குழந்தைகளைப் பார்க்கும் டேகெயார் ஒன்றில் வேலை. தேத்தண்ணீரை ஊற்றி எங்காவது வைத்துவிட்டு, ஆறிய பிறகுதான் தேடுவார். அதையே குடித்துவிட்டு, "நல்ல சூடா இருந்திருக்கும்" என்று சொல்லிக்கொள்வார்.

எதைத் தொடங்கினாலும் அவர் சொல்லிக்கொடுக்க மாட்டார், கேட்பார். பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததைப் படமாகக் கீறிக் கயிற்றில் கொழுவவேண்டும். சரியோ பிழையோ ரீச்சர் வாய் திறப்பதில்லை. "அப்பிடியோ?" என்று மட்டும் கேட்பார், அதுவும் இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறவர்போல. பிறகு வரும் கிழமைகளில் எல்லாருமாகப் போய்ப் பார்ப்பார்கள். உண்மையாக இருந்தால் படம் கயிற்றில் நிற்கும், இல்லாவிட்டால் கழன்றுவிடும். அதற்கொரு சட்டம் உண்டு: கொழுவின பிள்ளைதான் கழட்டவேண்டும். மற்றவர் கை வைக்கக் கூடாது, ரீச்சரும் கூட.

வகுப்பறை இரவல். மத்தியானம் பன்னிரண்டுக்கு நாங்கள் வந்துபோன சுவடே இருக்கக் கூடாது. ஆகவே கயிற்றைப் படங்களோடு பாய்போலச் சுருட்டிப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். அடுத்த சனி அதே ஒழுங்கில் விரிப்பார்.

இரத்தினவேல் என்றொரு தகப்பனுக்கு இது பிடிக்கவில்லை. "ரீச்சர், தண்ணி ஆவியாகுது, முகிலாகுது, மழையாகுது. ரெண்டு நிமிசத்திலை சொல்லி முடிக்கிற விசயம். பிழையளைக் கட்டித் தொங்கவிட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறியள்" என்றார்.

"நான் சொன்னா அவை என்னட்டைத்தான் அண்ணை படிப்பினம். மழையிட்டைப் படிக்கமாட்டினம்" என்றார் ரீச்சர். உள்ளதைச் சொன்னால், அன்றைக்கு நான் இரத்தினவேலின் பக்கம்தான் நின்றேன்.

ஏப்ரல் முதற் சனிக்கிழமை மழையைத் தொடங்கினார்கள். மழை வந்தால் புழு வெளியே வரும் என்று ஒருத்தி கீறினாள். முகிலும் முகிலும் முட்டினால் ஓட்டை விழும் என்று இன்னொருவன். மழை வந்தால் வெளியே விளையாடும் ரீசெஸ் இல்லை, உள்ளுக்குள்தான் இருக்கவேண்டும் என்று ஜோசுவா. என் சீமந்த புத்திரி ஒரு காரையும் அதற்குள் பெரிய வாய் ஒன்றையும் கீறி, "மழை வந்தா அப்பா ஹைவேயிலை கத்துவார்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "அப்பிடியோ?" என்று ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கடைசியாக எழும்பியவள் நிலாணி. ஒல்லிப் பிள்ளை, எப்போதும் ஒரு கையைச் சட்டைக்கையின் உள்ளே இழுத்து வைத்திருப்பாள். அவளுடைய படத்தில் ஒரு யன்னல், யன்னலில் மழைக் கோடுகள், கீழே சோபாவில் காலை நீட்டிப் படுத்திருக்கும் ஓர் ஆள்.

"மழை வந்தா அப்பா வீட்டிலை நிப்பார்" என்றாள்.

அவளுடைய அப்பா துஷாந்த், கூரை வேலை செய்தவர். கூரை வேலைக்காரருக்கு மழைதான் லீவு. மழை பெய்தால் ஏணி வைக்கமாட்டார்கள். அந்த நாட்களில் அவர் சோபாவில் படுத்திருக்க, இவள் அவர் வயிற்றின்மேல் ஏறியிருந்து ரீவி பார்ப்பாளாம். போன நவம்பரில், பனி தொடங்குவதற்கு முன் எடுத்த கடைசி வேலையில், துஷாந்த் கூரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த சாவு. வகுப்பில் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"ரீச்சர், her dad died" என்றான் ஜோசுவா. கெட்ட எண்ணத்தில் அல்ல.

"எனக்குத் தெரியும்" என்றாள் நிலாணி. "பிறகு எல்லாம் ஸ்னோதானே. இன்னும் மழை வரேல்லை."

நடுவில் ஓரிரு நாள் மழை தூறியது உண்மை. அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். ரீச்சர் "அப்பிடியோ" என்று கேட்கவில்லை. கிளிப் ஒன்றை எடுத்து நீட்டினார். பிள்ளை எட்டிக் கொழுவினாள். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

வகுப்பு முடிய மயூரி வந்தார், நிலாணியின் அம்மா. கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த ரீச்சரின் கையிலே படத்தைக் கண்டுவிட்டார். பிள்ளையை என் மகளோடு வெளியே விட்டுவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்:

"நான் ஒண்டும் மறைக்கேல்லை ரீச்சர். செத்தவீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனனான். விளங்குது எண்டுதான் சொல்லுறாள். ஆனா மழை நாள் மட்டும் வேறை எண்டு நினைக்கிறாள்." பிறகு, "வாற சனி மழையாம். அதுக்கு முதல் இதை மட்டும் எடுத்துவிடுங்கோ. காணேல்லை எண்டு சொல்லுங்கோ" என்றார்.

"கொழுவின பிள்ளைதான் கழட்டவேணும், தங்கச்சி" என்றார் ரீச்சர். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

பையைக் கார்வரை தூக்கிப் போனது நான். "எல்லாப் பிள்ளையளுக்கும் மழை ஒண்டுதான் எண்டு நினைச்சிட்டன்" என்றார் ரீச்சர். "இலையிலை தொடங்கியிருக்கலாம். விதையிலை தொடங்கியிருக்கலாம்." நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவர் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் வானம் மூட்டமாக இருந்ததே தவிர மழை இல்லை. ரீச்சர் கயிற்றை விரித்தபோது அந்தப் படத்தில் அவர் கை சற்று நின்றது. பிறகு அதையும் மற்றவற்றைப்போலவே விரித்துவிட்டார். பத்தரைபோல மழை பிடித்தது. பிள்ளைகள் கூவிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். கையை நீட்டினார்கள், குனிந்து புழுத் தேடினார்கள், முகிலில் ஓட்டை தேடினார்கள். நிலாணியும் கையை நீட்டினாள். நீட்டின கையைப் பிறகு துடைக்கவில்லை.

உள்ளே வந்து ஒவ்வொருவராகத் தங்கள் படத்துக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். புழு நின்றது. ஓட்டை கழன்றது. சனிக்கிழமை ரீசெஸே இல்லையென்பதால் ஜோசுவா திங்கள்வரை தவணை கேட்டான். நதீஷா, "திரும்பிப் போகேக்கை கத்துவார், எனக்குத் தெரியும்" என்று தன் படத்தைக் கழட்ட மறுத்துவிட்டாள்.

நிலாணியின் முறை வந்தது. பிள்ளையே சொன்னாள்: "நான் வீட்டை போய்த்தான் பாக்கவேணும்."

"ஓமம்மா" என்றார் ரீச்சர். பிள்ளைகளுக்கு அது நியாயமாகப் பட்டது. வீட்டில் நடப்பதை வீட்டில்தானே பார்க்கலாம்.

பன்னிரண்டுக்குப் பிள்ளைகள் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்கள். மழை அடித்து ஊற்றியது. மயூரி குடையோடு கதவடியில் வந்து நின்றார். நிலாணி கோட்டும் பூட்சும் போட்டபடி தன் கதிரையில் இருந்தாள், எழும்பவில்லை.

"வாங்கோ செல்லம், போவம்."

"மழை விட்டாப்பிறகு போவம் அம்மா."

"குடை இருக்கு."

"இல்லை. மழை விடட்டும்."

மயூரி என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. மழைக்குள் போனால் பார்க்கவேண்டி வரும். மழை விட்ட பிறகு போனால், அப்பா வீட்டில் இல்லாததற்கு ஒரு காரணம் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் தெரிந்திருக்கிறது. அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்க எங்களில் யாருக்கும் தகுதி இல்லை என்று எனக்குப் பட்டது.

கட்டடத்தைப் பூட்டவேண்டிய கெயார்ரேக்கர் திறப்புக் கோர்வையோடு நடையில் வந்து நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். எமில்டா ரீச்சர் நிலாணிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதிரையை இழுத்துப் போட்டு, மயூரியைத் தோளில் பிடித்து அதில் இருத்தினார். பிறகு கதவடிக்கு வந்தார். நதீஷாவோடு நடையில் நின்ற என்னையும் கெயார்ரேக்கரையும் ஒருமுறை பார்த்தார். உள்ளே நின்றபடி, கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.