நான் கழித்த குழிகள்

திருடாத ஒருவருக்கு நான் திருடன் என்ற பெயர் வாங்கிக் கொடுத்தேன். தவறு என் கணக்கில் இருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் எழுந்த ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு பொருள் தேவை என்று கணக்கிடுவது என் வேலை. அதன் தளங்கள் விலாத் தளங்கள். மேலே மெல்லிய கான்கிரீட், அடியில் விலா எலும்புகளைப் போல வரிசையாக ஓடும் சிறு உத்தரங்கள், இடையே குழிகள். குழிகளின் அளவைக் கழித்துத்தான் கான்கிரீட் வரவழைக்க வேண்டும். ஆனால் பெரிய பீம்களை ஒட்டிக் குழி கிடையாது, அங்கே கெட்டியாக நிரப்புவார்கள். வரைபடத்தில் அது தெளிவாகவே இருந்தது. நான் அங்கேயும் கழித்துவிட்டேன்.

ஊற்றிய அன்று கான்கிரீட் போதாமல் தளத்தின் ஒரு மூலை நிரம்பவில்லை. இன்னொரு கான்கிரீட் லோரி வருவதற்குள் ஊற்றியது இறுகிவிட்டது. அந்தப் பகுதியை இடித்து மறுபடி ஊற்றும்படி ஆயிற்று.

முதலாளி கூப்பிட்டுக் கேட்டபோது என் தாளைப் பார்த்தேன். பிழை உடனே தெரிந்தது. "என் கணக்கு சரிதான் பாஸ். லோரிய இறக்கினவர கேளுங்க" என்றேன்.

லோரிகளை இறக்கியவர் எங்கள் மேற்பார்வையாளர். கிள்ளானில் தன் வீட்டு முன்புறத்துக்கு அப்போதுதான் சிமெண்டுத் தளம் போட்டு, ஆசையாக முதலாளி உட்பட எங்களுக்கெல்லாம் கைப்பேசியில் படம் அனுப்பியிருந்தார். முதலாளிக்கு அந்தப் படம் நினைவு வரும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"அண்ணே, ஒரு லோரிய நம்ம வீட்டுப் பக்கமும் திருப்பி விடுங்க லா" என்று வேலையாட்கள் கிண்டல் செய்தார்கள். முதலில் அவரும் சிரித்தார். வேலை போனபின் சிரிக்கவில்லை. அவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்த அவருடைய மனைவியின் அண்ணன், தலை நிமிர முடியவில்லை என்று சொல்லித் தங்கை வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. கிள்ளானுக்குப் போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா சார்? என்கிட்ட சொல்லி என்ன பண்றது? மச்சான்கிட்ட வந்து சொல்லுங்க."

இருவரும் ரவாங் போனோம். மச்சான் வீட்டு வாசலில் நின்று குழி, பீம் என்று நான் விளக்க ஆரம்பித்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கணக்கெல்லாம் வேணாம். இவரு எடுத்தாரா, இல்லையா?"

"எடுக்கல" என்றேன்.

மச்சான் கதவை அகலத் திறந்தார். பிறகு, "உள்ள வாங்க மாப்ள. சாப்பிட்டுத்தான் போகணும்" என்று தங்கை கணவரின் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

என்னை அழைக்கவில்லை. அழைத்திருந்தால் எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பேன்? ரயில் நிலையத்துக்குத் தனியாக நடந்தேன்.