ஒன்பதால் வகுபடும் எண்

தொலைந்துபோன அடையாளக் கார்டுக்கு மாற்றுக் கார்டு எடுக்கச் சுங்கைப்பட்டாணிப் பதிவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பக்கத்தில் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். தேய்த்த சட்டை, மடியில் பழைய ஃபைல். என் விண்ணப்பத்தை எட்டிப் பார்த்து, அதிலிருந்த கார்டு எண்ணின் பன்னிரண்டு இலக்கங்களையும் தன் வரிசைச் சீட்டின் பின்னால் எழுதி, முணுமுணுத்தபடி கூட்டினார்.

“எழுநூறு பில்லியனுக்கு மேல போவுது அண்ணே, உங்க நம்பரு! கூட்டுனா நாப்பத்தஞ்சு. ஒம்போதால வகுத்தா மிச்சமே வராது. கடைசியில ஏழு. ஆம்பளைங்களுக்கு எல்லாம் ஒத்தப்பட தான் லா.”

ஆறாம் வகுப்போடு கணக்கை விட்டவன் நான். யாரிடமும் சட்டென்று பேசவும் மாட்டேன். அன்று என்னவோ வாயைத் திறந்துவிட்டேன்.

“உங்க நம்பரு எதால வகுபடும்?”

பென்சில் நின்றது. சிரித்தார்.

“எனக்கு இன்னும் நம்பரே இல்லண்ணே. நான் பொறந்தத வீட்டுல பதியாம விட்டுட்டாங்க. இது ஏழாவது தடவ. கெடச்சா, எதாலயும் வகுபடாத நம்பரா கெடைக்கணும்.”

அவரைக் கூப்பிட்டார்கள். ஃபைலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு போனார், அப்படியே திரும்பி வந்தார். இன்னும் ஒரு சாட்சி வேண்டுமாம்.

அதற்குள் என் கார்டு வந்திருந்தது. கேட்டு வாங்கி, எண்களின் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டினார்.

“இனிமே தொலச்சிராதீங்க அண்ணே.”

இப்போதும் கிளினிக்கில் யாராவது என் கார்டு நம்பரைக் கேட்டால், அவர் காதில் விழுந்துவிடுமோ என்பதுபோல் மெதுவாகத்தான் சொல்கிறேன்.