பூட்டாத முன்சக்கரங்கள்

நியாலாஸ் ஊருக்குப் பக்கத்திலிருந்த எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தை விட்டு, ஒரு துணிப்பையோடு கடலோரச் செர்காம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். அந்தத் தோட்டத்தில் ஐந்து மாதம் சின்ன ஜீப் ஓட்டினேன். "ஃபோர் வீல் லா, எந்தச் சேத்துலயும் ஏறும்" என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன்.

அந்த ஜீப்பில் ஃபோர் வீல் கம்பியை இழுத்தால் மட்டும் போதாது. இறங்கி, இரண்டு முன்சக்கரங்களின் நடுவிலும் இருக்கும் திருகைக் கையால் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் எஞ்சினின் இழுவை முன்சக்கரங்களுக்குப் போகாது. தார் ரோட்டில் பெட்ரோல் மிச்சமாகும் என்று நான்தான் அவற்றைத் திறந்துவிட்டிருந்தேன்.

மூன்று நாளுக்கு முன், செம்பனைப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த லெட்சுமி அக்காவைப் பாம்பு கடித்தது. அவர் கணவர் மாரி அண்ணன் அவரை மடியில் கிடத்திப் பின்னால் உட்கார்ந்தார். மழையில் மேட்டுப்பாதையில், ஃபோர் வீல் கம்பியை இழுத்தும் ஜீப் சேற்றில் சிக்கிக்கொண்டது.

"என்னடா தம்பி, நாலு சக்கரம்னியே, ரெண்டுதானே சுத்துது!"

"வண்டி பழசுண்ணே" என்றேன். மட்டைகளை இழுத்துவந்து டயருக்கு அடியில் போட்டேன். அரைமணி நேரம் கழித்துத்தான் திருகு நினைவுக்கு வந்தது. பூட்டியதும் ஜீப் சிரமமில்லாமல் ஏறியது. ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் அக்காவின் மூச்சு நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கெட்டுப்போன வண்டிய அந்த மழையில ரிப்பேர் பண்ணி ஓட்டுனியே. நீ நல்லவன்டா."

திருகைப் பூட்ட மறந்ததைச் சொல்லாமலே துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பிடி இன்றும் என் கையில் இருக்கிறது.

நடந்து போய்ச் சேர்ந்த மறுநாள் காலை செர்காமில் மீன்பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது. "வேன் ஓட்டுவியா? சம்பளம் கூட" என்று கேட்டார் முதலாளி.

ஓட்டத் தெரியாது என்றேன்.